புகை ஏறிய கேசட்டும் மூன்று சிஸ்டங்களும்

பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் தொழிலில் பாதி நாள் ஓடாததை ஓட வைப்பதில் போகிறது, மீதி நாள் ஓடுவதை நோண்டிக் கெடுப்பதில் போகிறது. இதே தொழிலில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவார் என்று தெரியும். மற்றவர்கள் என் மேல் கொஞ்சம் பரிதாபப்பட்டால் போதும்.

என் கடை மலைமேல் புதூர்நாட்டில், ஜீப் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், கல்யாண ஆல்பம், அதோடு இந்தக் கேசட் வேலை. கடையில் இரண்டே பேர், நானும் செல்வியும். செல்வி ஆல்பம் டிசைன் பார்க்கிறவள். ஏழு வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே மூலை. காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். நான் அவளுக்கு நேர் எதிர். டீ ஆறுவதற்குள் மூன்று தரம் எழுந்து போய் ஜீப் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். அந்த ஜீப்பில் எனக்கு வேண்டியவர் யாரும் வரப்போவதில்லை என்பது எனக்கே தெரியும்.

கேசட் வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு பக்கம் கேசட் ஓடும் டெக், இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர், நடுவில் படத்தை வாங்கி உள்ளே அனுப்பும் கேப்சர் கார்டு. இரண்டு மணி நேரக் கேசட் என்றால் இரண்டு மணி நேரம் ஓடியே ஆக வேண்டும், அவசரப்படுத்த முடியாது. அது ஓடி முடிகிற வரைக்கும் கம்ப்யூட்டர் வேறு எதையும் நினைக்கக் கூடாது. அதற்கு எந்த சிஸ்டம் போடுவது, பழைய விண்டோஸா, புது விண்டோஸா, லினக்ஸா என்று நான் மாதக்கணக்கில் அலைந்தேன். அந்த அலைச்சலின் நடுவில் ஒரு மகள் தன் அப்பாவின் குரலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இல்லையென்றால் இதையெல்லாம் எழுதவே மாட்டேன்.

தாலிக்கு முன்னால் நின்ற கல்யாணம்

முதலில் இருந்தது பழைய விண்டோஸ். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கேப்சர் கார்டோடு சேர்த்துப் போட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய் ஒரு வம்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து ஊர் கோவிந்தன் தன் கல்யாணக் கேசட்டைக் கொண்டுவந்தார். அப்போதுதான் வாங்கிய ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினேன். பதினெட்டு நிமிஷத்தில் நின்றுவிட்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடியும் பதினெட்டு நிமிஷம். டிஸ்க்கை நான் பழைய முறையில் ஃபார்மேட் செய்திருந்தேன், அந்த முறையில் ஒரு ஃபைல் நாலு ஜிபிக்கு மேல் வளராது.

வேறு முறையில் ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்று செல்வி அப்போதே சொன்னாள். பத்து நிமிஷ வேலை. ஆனால் எனக்குச் சின்ன வேலையில் மனசு நிற்காது. சிஸ்டமே கிழடு தட்டிவிட்டது என்று முடிவுகட்டி, புது விண்டோஸ் போட்ட இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பிவிட்டேன். பழைய கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து விண்டோஸ் இருந்த டிஸ்க்கைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். இதற்குள் கோவிந்தன் பெண்டாட்டியோடு வந்து, ஏறிய வரைக்கும் பார்க்கிறேன் என்று செல்வியின் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். திரையில் மாப்பிள்ளைக் கோவிந்தன் தாலியைக் கையில் வாங்கினார், படம் நின்றது. அவர் பெண்டாட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"தாலி கட்டாமயே நின்னுட்ச்சே. அப்ப இத்தினி வருசமா நான் யார் வூட்லங்க சாப்ட்னு இருந்தேன்?"

அடுப்புக்கு மேலே

புதுக் கம்ப்யூட்டர் வந்த வாரம்தான் சாந்தி வந்தாள். ஊர் அங்கன்வாடியில் சமைக்கிறவள், நாற்பது வயதிருக்கும். கைப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். அது வந்ததுமே கடை முழுக்கப் புகை வாசனை. உறை பழுப்பேறிப் பிசுபிசுத்தது, ஓரத்தில் கேழ்வரகு உமி ஒட்டியிருந்தது. கீழேயிருந்து வரும் கேசட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருக்கும். எங்கள் மலைக் கேசட்டுகளில் பூஞ்சை இருக்காது, புகைக்கறை இருக்கும். பெட்டி நிறைய கேசட் வைத்திருப்பவர்கள் இங்கே இல்லை. ஒன்றோ இரண்டோதான், அதையும் துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். படம் அழியாது, ஆனால் டேப் சூட்டில் காய்ந்துபோயிருக்கும், ஓட்டினால் டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும்.

சாந்தியின் அப்பா சின்னாண்டிக்கு எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், "இன்னா". பசித்தாலும் இன்னா, கோபம் வந்தாலும் இன்னா, பேரப்பிள்ளையைக் கூப்பிடுவதும் இன்னா. வேலூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, அவர் பழைய பேச்சு எதிலாவது இருந்தால் போட்டுக் காட்டிப் பாருங்கள், வாய் அசைவது தெரிந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறார். போனில் எடுத்தது இல்லையா என்று கேட்டேன். போனைத் தூக்கினாலே துண்டால் முகத்தை மூடிக்கொள்வாராம். சாந்தி கல்யாணத்தில் மட்டும் யாரோ அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். பந்திக்கு ஆள் கூப்பிடுகிற மும்முரத்தில் கேமராவை அவர் பார்க்கவே இல்லை. அந்தக் கேசட்தான் இது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

உறையைப் பிரித்துப் பார்த்தேன். டேப்பின் ஓரம் சுருண்டு, பூச்சு உதிர்கிற நிலையில் இருந்தது. இரண்டு தரம் ஓடும், மூன்றாவதுக்கு உத்தரவாதம் இல்லை. அந்த எரிச்சலில், ஏம்மா இதைப் போய் அடுப்புக்கு மேலே கட்டினீர்கள் என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டுவிட்டேன். அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"வெதைய அங்கதாங்க கட்டுவோம். கெடக்கூடாதுன்ற பொருள வேற எங்க வெப்பாங்க?"

ஊர்வலம் நின்ற இடம்

புதுக் கம்ப்யூட்டரில் பழைய கார்டைப் போட இடமே இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு யூஎஸ்பி கேப்சர் வாங்கினேன். சாந்தியின் கேசட்டில் நேராகக் கை வைக்க பயம். முதலில் வேறு ஏதாவது போட்டுப் பார்ப்போம் என்று ஒரு ஊர்த் திருவிழாக் கேசட்டை எடுத்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் கூடவே வந்து உட்கார்ந்தார். படம் பளிச்சென்று ஏறியது. சாமி ஊர்வலம் மந்தையைத் தாண்டித் திரும்பும் நேரம், திரை நீலமாகி, அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று வந்தது.

கம்ப்யூட்டர் மேல் பழி போட எனக்கு ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. அந்த அப்டேட் நாலு நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. நாலு நாளும் "பிறகு" என்பதை அமுக்கிவிட்டு ஜீப் பார்க்கப் போனவன் நான். சும்மா இருந்த கம்ப்யூட்டருக்குப் போனிலிருந்து நெட் கொடுத்து வைத்ததும் நான்தான், பாட்டுக் கேட்க. பெரியவர் கோபப்படவில்லை. சுற்றிச் சுற்றி வரும் புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"சாமி பாதி வழியில நின்னா நாங்க தேங்கா ஒடைப்போம். இதுக்கு எங்க ஒடைக்கறதுன்னு சொல்லுங்க."

முந்தி வாய், பிந்திச் சத்தம்

செங்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாஷா என் பழைய கூட்டாளி. லினக்ஸ் போட்டுக்கோ, நீ சொல்லாமல் அது எதையும் செய்யாது என்று போனில் சொன்னான். மறுநாளே பழைய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் திருப்பத்தூர் இறங்கி, பஸ் பிடித்துச் செங்கம் போனேன். தபாலில் டிஸ்க் அனுப்பச் சொல்லியிருக்கலாம் என்று செல்வி பிறகு சொன்னாள். பாஷா வேறு ஒரு டிஸ்க்கில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். அது என் பழைய கார்டைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதையும் சோதித்துப் பார்க்க ஜீப் டிரைவர் முருகனின் கல்யாணக் கேசட்டை ஏற்றினேன். ஒன்றரை மணி நேரம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான் முதல் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று எழுந்துவிட்டேன். முருகன் முழுசாகப் பார்த்தான். ஆரம்பத்தில் சரியாக இருந்த சத்தம் போகப் போகப் பின்தங்கி, கடைசியில் ஆள் வாயை மூடிய பிறகுதான் பேச்சே வந்தது. லினக்ஸ் பாவம் ஒன்றும் செய்யவில்லை. படத்துக்கு ஒரு கார்டு, சத்தத்துக்கு இன்னொரு கார்டு என்று நான் பிரித்து மாட்டியிருந்தேன், இரண்டும் இரண்டு வேகத்தில் போயிருக்கின்றன. சின்னாண்டிக்கு வாய் அசைவும் குரலும் சேர்ந்து வந்தால்தான் பயன். இது உதவாது என்று பெட்டியை ஓரம் கட்டினேன். முருகனுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"எங்க மாமியா வாய மூடின அப்றமும் சத்தம் வர்து பாருங்க. நெஜத்துலயும் அப்டியேதான்."

நான் செய்த காரியம்

இனி வருவதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் பத்து நாள் என்று சாந்தி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வாரா வாரம் வருவாள், ஆச்சா என்றுகூடக் கேட்க மாட்டாள், வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அந்தப் பார்வை தாங்காமல் ஒரு காலையில் புது விண்டோஸிலேயே ஏற்றிவிடுவது என்று துணிந்தேன். நெட்டைப் பிடுங்கினேன், அப்டேட்டை நிறுத்தினேன், டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். கேசட் ஓடியது. புகை வாசனையோடு சாந்தியின் கல்யாணம் திரையில் வந்தது.

இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க ஒரு விண்டோவைத் திறந்தேன். அது மெதுவாகத் திறந்தது, அதனால் இன்னொன்றைத் திறந்தேன். படம் திக்கித் திக்கி வந்து அப்படியே உறைந்துவிட்டது. பதற்றத்தில் டெக்கை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி முன்னால் ஓட்டினேன். அதற்குள் ஹெட் அடைத்துத் திரையெல்லாம் வெள்ளைப் பொரி. கேசட்டை வெளியே எடுத்தபோது டெக்குக்குள் பழுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தது. இரண்டில் ஒரு வாய்ப்பு போய்விட்டது, சின்னாண்டி பேசும் இடம் வரவே இல்லை.

சிஸ்டத்தைத் திட்ட வாயைத் திறந்தேன். செல்வி தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"மிஷின் ஒண்ணும் பண்லண்ணா. நீங்கதான் சும்மா இல்ல."

ஒரு தபா

சாந்தியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை. டெக் பழுது என்று சொல்லிவிடலாமா, டேப் ஏற்கெனவே போயிருந்தது என்று சொல்லிவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். அவள் வாசலில் வந்து நின்றதும் யோசித்ததெல்லாம் மறந்துபோய், நான் நோண்டிக் கெடுத்துவிட்டேன், இன்னும் ஒரு தரம்தான் ஓடும், அதுவும் நிச்சயமில்லை என்று உண்மையை அப்படியே கொட்டிவிட்டேன்.

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஒரு தரம் ஓடும்போது டிவியிலும் படம் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். எதிரே நின்ற ஜீப்பைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"அப்ப எங்கப்பாவ இட்னு வர்றேன். கேசட்டு போனாலும் போவட்டும், ஒரு தபா அவரு பாத்துட்டாருன்னு இருக்கும்."

மவுஸ் போன இடம்

டிராயரில் கிடந்த பழைய டிஸ்க்கை எடுத்துத் தூசி தட்டிப் பழைய பெட்டியில் மாட்டினேன். பழைய விண்டோஸ், பழைய கார்டு, சத்தமும் படமும் ஒரே வழி. செல்வி முதல் நாளே சொன்னபடி, கேசட்டை ஏற்றும் டிஸ்க்கை வேறு முறையில் ஃபார்மேட் செய்தேன். உண்மையிலேயே பத்து நிமிஷம்தான் ஆனது. அவள் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தாள்.

முருகனின் ஜீப்பில் சின்னாண்டி வந்தார். ஒடிசலான ஆள், இடது கையில் கோல், வலது கை மடியில் கிடந்தது. அவரை டிவிக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரெக்கார்ட் ஆரம்பித்ததும் செல்வி எழுந்து வந்தாள். மவுஸையும் கீபோர்டையும் பிடுங்கித் தன் சாப்பாட்டுப் பையில் போட்டு, பையை எடுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போய்விட்டாள். ஏழு வருஷத்தில் அவள் சாப்பாட்டு நேரம் இல்லாமல் எழுந்தது அன்றைக்குத்தான்.

அந்த ஒரு மணி நேரம் என்ன பாடுபட்டேன் என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். ஜீப் ஹாரன் கேட்டது, எழவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. பெண் அழைப்பு போயிற்று, தாலி ஏறிற்று, சமையல் புகைக்கு நடுவிலிருந்து இருபத்திரண்டு வயது குறைந்த சின்னாண்டி மைக்கோடு வந்தார். ஊர் ஊராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். வாங்க, வாங்க, யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது, அந்தப் பக்கம் நிற்கிறவங்களும் வாங்க என்று. கட்டையான, கணீரென்ற குரல். நிஜச் சின்னாண்டி திரையைப் பார்த்தார். "இன்னா" என்று ஒரு தரம் மெல்லக் கேட்டார். பிறகு அவர் வாய், சத்தமில்லாமல், திரையில் இருப்பவர் வாயோடு சேர்ந்து அசைய ஆரம்பித்தது. சாந்தி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் படத்தின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு எழும்பியது. டெக்கில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதைத் தொட்டால் சரியாகலாம், மொத்தமும் போகவும் போகலாம். அது தெரிந்தும் என் கை போனது, நானே அறியாமல் போனது. சின்னாண்டி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோலைக் கீழே போட்டுவிட்டு இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். காட்டுவேலை செய்த பிடி. உட்காருடா என்பதை அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல்லில் சொன்னார், சந்தேகத்துக்கே இடமில்லாமல்:

"இன்னா!"

இரண்டாவது சொல்

கோடு தானாகவே இறங்கிப் போயிற்று. கேசட் கடைசி வரைக்கும் ஓடியது, வாயும் குரலும் கடைசி வரைக்கும் ஒன்றாகவே வந்தன. டெக்கைத் திறந்தால் உள்ளே ஒரு பிடி பழுப்புத் தூள். டேப்பைக் கையில் எடுத்தபோதே தெரிந்தது, இனி அது எங்கேயும் ஓடாது. ஆனால் ஃபைல் முழுசாக இருந்தது. மூன்று இடத்தில் காப்பி போட்டு வைத்தேன், அதில் ஒன்றைப் பென்டிரைவில் சாந்தியிடம் கொடுத்தேன், நான்காவதாக ஒன்று போடப் போனபோது செல்வி இருமினாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் சாந்தி வரவில்லை. வராத ஒவ்வொரு நாளும் அவள் அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ என்ற நினைப்புதான் எனக்கு. ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து போனேன், இந்த முறை ஒரு காரணத்தோடு. ஒரு நாள் அவள் இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். தினமும் மூன்று வேளையும் சோற்றுக்கு முன்னால் அந்த இடத்தையே போட்டுக் காட்டுகிறாளாம். பேசுகிறாரா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று பயமாகிவிட்டது. வாதம் வந்து இவ்வளவு மாதம் ஆன பிறகு பேச்சு பெரிதாக ஒன்றும் திரும்பி வராது என்று எனக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். சாந்தி சலித்துக்கொள்வது போல் முகத்தை வைத்துக்கொண்டாள். ஆனால் கண் நிறைந்துவிட்டது, என் கண்ணும்தான்.

"இன்னாவோட இப்ப 'வா'ன்னு ஒண்ணு வந்துகிதுங்க. ரோட்ல போறவன் வர்றவன எல்லாம் வா வான்னு கூப்ட்டு ஒக்கார வெக்கிறாரு, என்னால சோறாக்கி மாளல."

கேசட் ஏற்ற எந்த சிஸ்டம் நல்லது என்று கேட்டு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் நான் ஒன்றுதான் சொல்கிறேன்: எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், போட்ட பிறகு மவுஸை மட்டும் உங்களைவிடப் பொறுமைசாலி ஒருவரின் சாப்பாட்டுப் பையில் கொடுத்து வையுங்கள்.